லோசான் மெட்ரோ: மலையேறும் குட்டி ரயில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோசான் எங்கே இருக்கிறது? அங்கே எதற்கு மெட்ரோ?

சுவிட்சர்லாந்தின் மேற்கில், பிரெஞ்சு பேசும் வோ மாநிலத்தின் தலைநகர் லோசான். ஜெனீவா ஏரி என்று நாம் சொல்லும் லெமான் ஏரியின் வடகரையில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 1.4 லட்சம். நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி அளவுதான். ஒலிம்பிக் கமிட்டியின் தலைமையகம் 1915-லிருந்து இங்கேதான்.

எதற்கு மெட்ரோ என்று கேட்டால், ஒரு முறை ஏரிக்கரையிலிருந்து நகர மையத்துக்கு நடந்து பாருங்கள் என்பேன். ஊர் முழுக்க ஒரே சரிவு. ஏரிக்கரையில் உள்ள ஊஷி கடல் மட்டத்திலிருந்து 373 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெட்ரோவின் மேல் முனையான க்ருவாசெட் 711 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் 338 மீட்டர் ஏற்றம். தட்டையான ஊரில் சைக்கிளில் போகிற தூரத்துக்கு இங்கே நாக்கு தள்ளிவிடும். போதாக்குறைக்கு ஊரை ஓடைப் பள்ளத்தாக்குகள் குறுக்கே வெட்டுகின்றன. அதனால் பாலத்துக்குக் கீழே ஒரு தெரு, அதன் மேல் இன்னொரு தெரு என்று நகரமே மாடி வைத்துக் கட்டியது மாதிரி இருக்கும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிற கடை, நேரில் தலைக்கு மேல் இருக்கும்.

மொத்தம் எத்தனை வழித்தடங்கள்?

இரண்டு: எம்1, எம்2. பெயரில்தான் ஒற்றுமை, ஆளுக்கு ஆள் வேறு சாதி.

எம்1 1991-ல் வந்தது. நகர மையத்தில் உள்ள ஃபுளோனில் கிளம்பி, மேற்கே பல்கலைக்கழக வளாகத்தையும் ஈபிஎஃப்எல் என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியையும் தொட்டு, ரெனான் ரயில் நிலையத்தில் முடியும். 15 நிலையங்கள், ஏறக்குறைய 8 கிலோமீட்டர். ஓட்டுநர் இருப்பார். பெரும்பாலும் தரைமேல் ஓடும், வழியில் சாலைகளைக் கடக்கும். பாதியில் பல இடங்களில் ஒற்றைத் தண்டவாளம்தான், எதிர்வண்டிக்கு நிலையத்தில் காத்திருக்க வேண்டும். கறாராகப் பேசுகிறவர்கள் இதை மெட்ரோ என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வேக டிராம் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் காலையில் மாணவர் கூட்டத்தோடு கூட்டமாக அதில் நசுங்கி நிற்கும்போது அந்த வாதமெல்லாம் நினைவுக்கு வராது.

எம்2தான் அசல் மெட்ரோ. 2008 அக்டோபர் 27-ல் மக்களுக்குத் திறந்தது. 5.9 கிலோமீட்டர், 14 நிலையங்கள். ஓட்டுநர் கிடையாது. நடைமேடையில் கண்ணாடிக் கதவுத் தடுப்பு உண்டு. இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி எம்2 பற்றித்தான்.

'லைட் மெட்ரோ' என்றால் என்ன? சென்னை மெட்ரோவிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வண்டி சின்னது, அடிக்கடி வரும். அவ்வளவுதான் சூத்திரம். எம்2 வண்டி இரண்டே பெட்டி, மொத்தம் 30 மீட்டர் நீளம். சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி வண்டியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. வண்டி குட்டையாக இருந்தால் நிலையமும் குட்டையாக இருக்கலாம். சுரங்கப்பாதைத் திட்டங்களில் பணத்தை அதிகம் விழுங்குவது நிலையங்கள்தான் என்பதால் இங்கேதான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

சின்ன வண்டியில் நிறைய பேரை ஏற்ற வேண்டுமானால் ஒன்றன்பின் ஒன்றாக விட வேண்டும். அதற்குத்தான் ஓட்டுநர் இல்லாத தானியங்கி முறை. நெரிசல் நேரத்தில் நகர மையத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்துவிடும். ஒரு வண்டியைத் தவறவிட்டால் ஓடிப் பிடிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

பிரான்சில் ரென் என்ற ஊரிலும் இதே கதை. 2002-ல் தானியங்கிக் குட்டி மெட்ரோ திறந்தபோது, உலகிலேயே மெட்ரோ உள்ள மிகச் சிறிய நகரம் என்று ரென்னைச் சொன்னார்கள். ஆறு வருடத்தில் லோசான் அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது.

இது திடீரென்று 2008-ல் முளைத்ததா?

இல்லை. கதை 1877-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் மார்ச்சில் ஊஷிக்கும் ஃபுளோனுக்கும் நடுவே கயிற்றால் இழுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் முதல் இழுவை ரயில் அதுதான். பழனி மலையில் விஞ்ச் ஏறியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, அதே ஜாதி.

அதை இழுத்த சக்தி எது தெரியுமா? தண்ணீர். ஊருக்குக் கிழக்கே மேட்டில் பிரே என்று ஒரு சின்ன ஏரி. அங்கிருந்து குழாய் போட்டுத் தண்ணீரை இறக்கி, அந்த அழுத்தத்தில் சுழலியைச் சுற்றவைத்துக் கயிற்றை இழுத்தார்கள். ரயில் ஓட்டுவதற்காக ஒரு கம்பெனி ஏரியையே வாங்கிய கதை இது. கயிறு போய்விட்டது, ஏரி இன்னும் லோசானுக்குக் குடிநீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மக்கள் அந்த ரயிலுக்கு வைத்த பெயர் 'ஃபிசெல்'. பிரெஞ்சில் சணல் கயிறு என்று பொருள். 1958-ல் கயிற்றை எடுத்துவிட்டுப் பல்சக்கர ரயிலாக மாற்றினார்கள். ஆனாலும் ஊர்க்காரர்கள் கடைசிவரை ஃபிசெல் என்றேதான் கூப்பிட்டார்கள். 2006 தொடக்கத்தில் மெட்ரோ வேலைக்காக அதை நிறுத்தி, இரண்டரை வருடத்துக்கும் மேலாக அந்த வழியில் பேருந்து விட்டார்கள். இன்றைய எம்2-வின் கீழ்ப்பகுதி, அதாவது ஊஷியிலிருந்து ஃபுளோன் வரை, அந்தப் பழைய கயிற்றுப் பாதைதான். ஃபுளோனுக்கு மேலே உள்ளதுதான் புதிதாகத் தோண்டியது.

அந்தக் காலத்தில் இவ்வளவு செலவு செய்து கயிற்று ரயில் எதற்கு?

ஆட்களை ஏற்ற மட்டும் இல்லை, சரக்குக்காகவும்தான். ஏரியில் படகில் வந்து ஊஷியில் இறங்கும் சரக்கும், மெயின் ரயில் நிலையத்தில் இறங்கும் சரக்கும் நகரத்துக்கு ஏற வேண்டும். மாட்டையும் குதிரையையும் நம்பி அந்தச் சரிவில் எவ்வளவு இழுப்பது? தோல் பதனிடும் தொழிலில் பெரிய ஆளாக இருந்த ஜான்-ஜாக் மெர்சியே என்பவர் முன்னின்று கம்பெனி ஆரம்பித்தார். ஃபுளோன் என்பது அப்போது ஓடை ஓடும் பள்ளத்தாக்கு. அதை மண் போட்டு மேடாக்கிக் கிடங்குகள் கட்டினார்கள். ரயில் நேரே கிடங்கு வாசலுக்கே வரும்.

1844-ல் கட்டிய பெரிய பாலம் ஒன்று ஃபுளோனின் மேலே போகிறது. இரண்டு அடுக்கு வளைவு உள்ள பாலம். இப்போது போய்ப் பார்த்தால் ஒரு அடுக்குதான் கண்ணில் படும். கீழ் அடுக்கு அந்த மண்ணுக்குள் புதைந்துவிட்டது. பாலத்தின் அடியில் நிற்கும்போது, நாம் நிற்பது தரை இல்லை, பள்ளத்தாக்கின் நடுவயிறு என்று தோன்றும்.

கிடங்குகள் பின்னால் பாழடைந்து, பிறகு இரவு விடுதிகளும் துணிக்கடைகளும் சினிமா அரங்குமாக மாறிவிட்டன. இன்றைக்கு லோசான் இளவட்டங்கள் வெள்ளிக்கிழமை இரவு கூடும் இடம் அதுதான்.

இவ்வளவு செங்குத்தில் பல்சக்கரம் இல்லாமல் எப்படி ஏறுகிறது?

டயர். எம்2 வண்டிக்குக் கீழே ரப்பர் டயர்கள் இருக்கின்றன. இந்த முறை பாரிஸ் மெட்ரோவிலிருந்து வந்தது. அங்கே 14-ஆம் தடத்தில் ஓடிய வண்டியின் வடிவமைப்பை எடுத்துத்தான் அல்ஸ்டாம் நிறுவனம் லோசானுக்காக மாற்றிக் கொடுத்தது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். சரிவு கூடக்கூட, சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அதனால்தான் நீலகிரி மலை ரயிலுக்குக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்தண்டவாளம் வைத்தார்கள். அங்கே அதிகபட்சச் சரிவு 12-க்கு 1, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். லோசானில் அதிகபட்சம் 12 சதவீதம்! நீலகிரி ரயில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும் சரிவைவிடக் கூடுதலான சரிவை, இது பல்லே இல்லாமல் ஏறுகிறது. ரப்பரின் பிடிப்பு அப்படி.

டயர் மட்டும் போதாது. பாரிஸ் வண்டியில் சில பெட்டிகளுக்குத்தான் மோட்டார், மற்றவை இழுபடும். இங்கே எட்டு அச்சுக்கும் மோட்டார் உண்டு. ஓரத்தில் படுக்கைவாட்டில் சின்ன டயர்கள் வண்டியைத் திசை மாறாமல் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது மோட்டார் பிரேக்காக மாறி மின்சாரத்தை உண்டாக்கித் திருப்பிக் கொடுக்கும். அந்தக் காலக் கயிற்று ரயிலில் இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டியைத் தூக்க உதவியது. இப்போது அதே வேலையைக் கம்பி வழியாகச் செய்கிறார்கள்.

நடைமேடைகூடச் சரிவாக இருக்குமாமே?

ஆமாம், சில நிலையங்களில். எனக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. மெயின் ரயில் நிலையத்தில் இறங்கி எம்2 நடைமேடைக்குப் போனேன். சக்கரம் வைத்த பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு டிக்கெட்டைப் பையில் வைக்கக் கையை எடுத்தேன். பெட்டி தானாகக் கிளம்பிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி காலை நீட்டி அதை நிறுத்தி, ஒன்றும் நடக்காதது மாதிரி என்னிடம் தள்ளினார். தினமும் இரண்டு பெட்டியாவது பிடிப்பார் போலிருக்கிறது.

கண்ணாடித் தடுப்பு இருப்பதால் தண்டவாளத்தில் விழும் ஆபத்து இல்லை. இருந்தாலும் குழந்தை வண்டியோடு போகிறவர்கள் பிரேக்கை மறக்காமல் போட வேண்டும். வண்டிக்குள்ளும் அப்படித்தான். நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே கோணத்தில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால், எந்தப் பக்கம் மேடு என்று கேட்க வேண்டியதில்லை.

கட்டும்போது சுரங்கம் இடிந்து விழுந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2005 பிப்ரவரி 22 மாலை. ஃபுளோனுக்கும் ரிப்போனுக்கும் நடுவே, கடைத்தெருவான சான்-லொரான் சதுக்கத்துக்குக் கீழே தோண்டிக்கொண்டிருந்தார்கள். லோசானுக்கு அடியில் பெரும்பாலும் மொலாஸ் என்ற மென்மையான மணற்பாறை இருக்கும். தோண்டுவதற்கு நல்ல கல், அதிகம் அடம் பிடிக்காது. ஆனால் பனிப்பாறைகள் உருகிய காலத்தில் விட்டுப்போன மண்ணும் சரளையும் அங்கங்கே பாறைப் பள்ளங்களை நிரப்பிக் கிடக்கும். அப்படித் தண்ணீர் ஊறிய ஒரு பொட்டலத்தில் சுரங்கத்தின் கூரை மாட்டிக்கொண்டது. கூரை பிட்டுக்கொண்டு சேறு உள்ளே இறங்க, மேலே கடைகளுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

பிறகு அந்த இடத்து மண்ணைக் கெட்டிப்படுத்திவிட்டுத்தான் மேற்கொண்டு தோண்டினார்கள். அந்தச் சதுக்கத்தில் இன்றைக்கு உட்கார்ந்து காபி குடிக்கிறவர்களுக்குக் காலுக்குக் கீழே என்ன நடந்தது என்று காட்ட எந்த அடையாளமும் இல்லை.

எவ்வளவு செலவானது? யார் கொடுத்தார்கள்?

ஆரம்பத்தில் போட்ட மதிப்பீடு சுமார் 59 கோடி பிராங்க். முடியும்போது 73.6 கோடி. மத்திய அரசு, வோ மாநிலம், லோசான் நகரம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள்.

சுவிஸ் ஆயிற்றே, மக்களைக் கேட்காமல் நடக்குமா? 2002 நவம்பர் 24-ல் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. கவனியுங்கள், நகரம் மட்டும் இல்லை, மாநிலம் முழுக்க. மெட்ரோவைக் கண்ணால்கூடப் பார்க்கப்போகாத மலைக் கிராமத்துக்காரரும் வாக்களித்தார். ஏறத்தாழ 62 சதவீதம் பேர் சரி என்றார்கள். 2004-ல் தோண்ட ஆரம்பித்தார்கள்.

மக்கள் உண்மையில் பயன்படுத்துகிறார்களா, இல்லை வெறும் ஜம்பமா?

நின்றுகொண்டு போகும் அளவுக்குப் பயன்படுத்துகிறார்கள். திறந்த சில ஆண்டுகளிலேயே வருடத்துக்கு 2.5 கோடிப் பயணங்களைத் தாண்டிவிட்டது. 1.4 லட்சம் பேர் உள்ள ஊரில் இது எப்படி என்று கேட்கலாம். சுற்றுவட்டார ஊர்களையும் சேர்த்தால் ஆட்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அப்புறம், தடம் போகும் இடங்களைப் பாருங்கள்: ஏரிக்கரை, மெயின் ரயில் நிலையம், கடைத்தெரு, மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை, மேலே நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய கார் நிறுத்துமிடம். வெளியூர்க்காரர் காரை வென் நிலையத்தில் போட்டுவிட்டு இறங்கி வருவார். நர்ஸ் வேலைக்குப் போகிறவர் ரயிலிலிருந்து இறங்கி நேரே மெட்ரோவில் ஏறி ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவார்.

15 வண்டிகளோடு ஆரம்பித்து, கூட்டம் தாங்காமல் பிறகு மூன்று வண்டி கூடுதலாக வாங்கினார்கள்.

அப்படியானால் மெட்ரோவுக்கு 20 லட்சம் மக்கள் வேண்டும் என்பது தவறா?

கோவை, மதுரை மெட்ரோ பேச்சில் அடிபட்ட அளவுகோல் இது. இந்தியாவின் 2017 மெட்ரோ கொள்கையில் இருக்கிறது. லோசானைக் காட்டி நம் ஊருக்கும் கொடு என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். லோசானுக்கு 130 வருடமாக ஒரு பாதை தயாராக இருந்தது. சாலையை அகலப்படுத்த இடமே இல்லாத மலைச்சரிவு இருந்தது. சுவிஸ் அரசுகளின் கஜானாவும் இருந்தது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு மக்கள்தொகையை மட்டும் ஒப்பிடுவது சரியில்லை. அதே சமயம் தலையை எண்ணி மட்டும் ஒரு ஊருக்கு மெட்ரோ வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது என்பதற்கும் லோசானே சாட்சி. ஆட்கள் எந்த வழியில், எவ்வளவு நெருக்கமாகப் போய்வருகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெட்ரோ வந்த பிறகு பேருந்துத் தடங்களை எல்லாம் மெட்ரோவுக்கு ஆள் கொண்டுவந்து சேர்க்கும்படி லோசானில் மாற்றி அமைத்தார்கள். யாரும் கொண்டாடாத வேலை இது, ஆனால் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது.

குறையே இல்லையா?

இருக்கிறது. பெரிய குறை, மெயின் ரயில் நிலையத்துக்கும் அதற்குக் கீழே உள்ள கிரான்சி நிலையத்துக்கும் நடுவே. பழைய கயிற்று ரயிலின் சுரங்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டதால் அங்கே ஒற்றைத் தடம்தான். மேலே போகிற வண்டி கடந்த பிறகுதான் கீழே வருகிற வண்டி போக முடியும். 1877-ல் மிச்சம் பிடித்ததற்கு இன்றைக்கு வட்டி கட்டுகிறார்கள். வண்டியை நீட்டவும் வழியில்லை, நிலையங்கள் எல்லாம் 30 மீட்டர் கணக்கில் கட்டியவை. கோளாறு வந்து ஒரு வண்டி நின்றால், பின்னால் உள்ள எல்லாம் நின்றுவிடும். அப்போது அந்தச் சரிவில் எல்லோரும் நடக்க வேண்டியதுதான்.

எம்3 வருமா?

திட்டம் உண்டு. மெயின் ரயில் நிலையத்திலிருந்து ஃபுளோன் வழியாக வடமேற்கே, விமானத் தளம் உள்ள பிளெஷெரெட் வரை. கூடவே எம்2-வின் அந்த ஒற்றைத் தடச் சிக்கலை அவிழ்க்கப் புதுச் சுரங்கமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் இது மெயின் ரயில் நிலையத்தையே பெரிதாக்கும் வேலையோடு பின்னிக்கிடக்கிறது. ஒன்று தள்ளிப்போனால் மற்றதும் தள்ளிப்போகும். இதற்கு நடுவே 1964-ல் கைவிட்ட டிராமை மறுபடி கொண்டுவந்து, ஃபுளோனையும் ரெனானையும் இணைக்கும் வேலையும் நடந்தது.

நிலையங்களின் பெயர்கள் விசித்திரமாக இருக்கின்றனவே?

'ஊர்ஸ்' என்றால் கரடி, 'ஃபூர்மி' என்றால் எறும்பு. கரடியில் ஏறி எறும்பில் இறங்கலாம், நடுவில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ரிப்போன் நிலையத்தின் பெயரோடு மொரிஸ் பெஜார் என்ற நடனக் கலைஞரின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். அவர் லோசானில் குழு நடத்தி, 2007-ல் இங்கேயே இறந்தார்.

டிக்கெட் எப்படி?

கேட் கிடையாது. இயந்திரத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு நேரே உள்ளே போகலாம். எடுக்காமலும் போகலாம், ஆனால் பரிசோதகர் திடீரென்று ஏறுவார், அபராதம் கண்ணைக் கட்டும். டிக்கெட் மண்டலக் கணக்கில், குறிப்பிட்ட நேரத்துக்குச் செல்லும். அதே டிக்கெட்டில் பேருந்தும் ஏறலாம். ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு நகரப் போக்குவரத்து அட்டை இலவசமாகத் தருவார்கள். வரவேற்பில் அவர்களாகக் கொடுக்கவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் தனியாக எதுவும் வேண்டாம். உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் அவர்களையே கேளுங்கள், கைபேசியில் எடுக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எங்கே ஏறி எங்கே இறங்கலாம்?

ஊஷியில் ஆரம்பியுங்கள். வண்டியின் முன்முனையில் ஓட்டுநர் அறை இல்லாததால் கண்ணாடி ஓரம் இடம் இருக்கும். அங்கே நிற்கக் குழந்தைகளோடு போட்டி போட வேண்டும், வெட்கப்படாமல் போடுங்கள். சுரங்கத்தின் வெளிச்சங்கள் வானத்தைப் பார்த்து ஏறுவது அங்கிருந்துதான் தெரியும். பெஸ்ஸியேர் அருகே சட்டென்று வெளிச்சத்துக்கு வந்து பாலத்தைக் கடந்து மறுபடி மலைக்குள் நுழையும், கண் சிமிட்டினால் போய்விடும். மேல் முனைக்கு ஏறத்தாழ 20 நிமிடம். க்ருவாசெட்டில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே ஸ்கேட்போர்டும் கையுமாக இறங்கும் பையன்களைப் பார்க்கலாம். மெட்ரோவில் ஏறி, சரிவில் சறுக்கி இறங்கி, திரும்ப மெட்ரோவில் ஏறுவது அவர்கள் பொழுதுபோக்கு. நீங்கள் திரும்பும் வண்டியிலேயே ஏறி, பெஸ்ஸியேரில் இறங்கிப் பழைய நகரத்துத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, ஃபுளோன் வரை இறக்கத்தில் நடந்துவிடுங்கள். ஏற்றத்தில் நடக்க வேண்டாம், அதற்குத்தானே மெட்ரோ.